விட்டுப்போன மூன்றரை மணி

வியாழன் காலை கேன் வந்தது.
ஐந்து லிட்டர் வெள்ளைக் கேன்.
கறுப்புப் பையில் சுற்றி, கட்டைப்பையில் இறக்கி,
மேலே ஒரு கட்டு அரைக்கீரை.
பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி
"இன்னாம்மா, மோரா?" என்று கேட்டாளாம்.
"ஆமாங்க" என்றாளாம் அமுலு.

வயது முப்பத்து நாலு. ஊர் ஆம்பூர்.
ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் வேலை.
ரத்த அழுத்தம் நூற்றுப் பதினெட்டு, எழுபத்தாறு.
பட்டை கட்டிய கை
பரீட்சை எழுதிய பிள்ளை போல் நல்லபடியாக இருந்தது.

நான் கையை நம்புகிறவள் அல்ல.
பத்து வருஷமாக வேலூரில்
ஜன்னல் இல்லாத ஓர் அறையில்
ஊராருடைய மஞ்சளை அளக்கிறேன்.
எலுமிச்சை மஞ்சள், வைக்கோல் மஞ்சள்,
வெயில் காலத்தில் வரும் கட்டாந்தரை மஞ்சள்.
கல்யாணப் பேச்சில் அப்பா
"லேப்ல இருக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

விதி எளிது.
விடிந்ததும் முதல் முறை கீழே விடு.
பிறகு ஒரு சொட்டும் விடாதே.
மறுநாள் விடிந்ததும் முதல் முறை,
அதையும் சேர்த்து மூடியைத் திருகு.
நடுவில் கிடந்த நாள்
தன் கணக்கைத் தானே எழுதியிருக்கும்.

அமுலுவின் நாள் எழுதியது:
உப்பு, மண்டியில் பச்சைத் தோலுக்கு வீசுவது போல்.
பொட்டாசியம், பழம் வாங்காத வீட்டின் அளவு.
ஆல்புமின் துளியூண்டு;
சல்லடைக் கண் ஒன்று தளர்ந்து
ஒரு மணி, இரண்டு மணி நழுவுகிற மாதிரி.
நோய் என்று பேர் வைக்க முடியாது.
பட்டைக்கு இது கேட்க இன்னும் சில வருஷம் ஆகலாம்,
கேட்காமலே போகலாம்.
பாலாற்றுப் பாலத்தில் போகிறவனுக்கு மணல்தான் தெரியும்.
ஊற்றுத் தோண்டுகிறவளுக்குத்தான் விரல் நனையும்.

ஆனால் கிரியாட்டினின் உதைத்தது.
அது தசையின் தினக்கூலி.
ஒரே உடம்புக்கு ஏறக்குறைய ஒரே கணக்கு,
நல்ல நாள் கெட்ட நாள் பார்க்காது.
இங்கே கூலி குறைந்திருந்தது.
கேனில் மொத்தமே எழுநூற்று நாற்பது மில்லி.
குறைந்த கேனிலேயே இவ்வளவு உப்பு.

மறுநாள் போன் செய்தேன்.
"நடுவுல ஒரு தடவை விட்டுட்டீங்களா?"
"இல்ல மேடம். சத்தியமா."
அந்தப் பக்கம் டிபன் பாக்ஸ்கள் மூடும் சத்தம்.
"அளவு காட்டுதும்மா."
சத்தம்.
"இன்னா மேடம், மூத்திரம்கூடவா கோள் சொல்லும்?"

மூன்றரை மணி.
லைனில் நாற்பது பேருக்கு ஒரு டோக்கன்.
அது சுற்றிச் சுற்றி அவள் கைக்கு வந்தபோது
கேன் லாக்கரில், சாவி சூப்பர்வைசரிடம்.
எதற்குச் சாவி என்று அந்த ஆளிடம் சொல்ல
வாய் வரவில்லை.
"அப்டியே பூட்டு வந்துட்டேன் மேடம்.
கம்பெனி உள்ள நுழைஞ்சா அது ஒண்ணுதான்.
அதுக்கோசரம் தண்ணியே குடிக்கறதில்ல நாங்க."

என் படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
'சேகரிப்பு முழுமையற்றது, மீண்டும் எடுக்கவும்'
என்று ஒரு முத்திரை இருக்கிறது.
குத்தினேன்.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
டோக்கன் ஒன்று, ஆள் நாற்பது.
டாக்டர் அதைப் படிப்பாரா, தெரியாது.

"ஞாயித்துக்கெழம எடுத்தாரட்டுமா மேடம்?
வூட்லதான் இருப்பேன்."

ஞாயிற்றுக்கிழமைக் கேன்
வேறொருத்தியுடையது என்று
அவளிடம் எப்படிச் சொல்ல?
"வேலை நாள்லதான் வேணும்மா."
சிரித்தாள். நெடுநேரம் சிரித்தாள்.
"அப்ப சாவிக்காரன்கிட்ட நீங்களே பேசுங்க"
என்று ஓர் எண்ணைக் கொடுத்தாள்.

இரண்டு நாள் அது மேஜையில் கிடந்தது.
நேற்று கையுறையைக் கழற்றிவிட்டுக் கூப்பிட்டேன்.
மணியைப் பார்க்கவில்லை; மூன்றரை இருக்கும்.
எடுத்த பையன் சொன்னான்:
"சார் பாத்ரூம் போயிருக்காரு.
பத்து நிமிஷம் கழிச்சுப் பண்ணுங்க."